கீமோ காய்ச்சல் முதல் கார்-டி வரை: நோய் எதிர்ப்பு சக்தி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்து 10 நாள் ஆகிறது. நேற்று ராத்திரி 100.8 டிகிரி காய்ச்சல் அடித்தது. பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கிவிட்டது. காலையில் போன் செய்து சொன்னபோது நர்ஸ் ரொம்பவே கோபித்துக்கொண்டார். மாத்திரைக்கே இறங்குகிற காய்ச்சலுக்கு இவ்வளவு பதற்றம் எதற்கு?

பதில்: நர்ஸ் கோபித்தது நியாயம்தான். மாத்திரைக்கு இறங்கியது காய்ச்சல் மட்டுமே. அதற்குக் காரணமான கிருமி ரத்தத்தில் இருந்தால் அது அங்கேயேதான் இருக்கும்.

வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்வது. அதன் ஆயுள் மிகக் குறைவு என்பதால் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. வேகமாகப் பிரியும் செல்களை அழிப்பது கீமோவின் வேலை. புற்றுச் செல்லோடு சேர்ந்து மஜ்ஜையும் அடி வாங்குகிறது. பெரும்பாலான மருந்துகளில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். உங்கள் அப்பா இருப்பது சரியாக அந்த நாட்களில்.

இதே சமயத்தில் வாயிலிருந்து குடல் வரை உள்ள உள்தோலும் கீமோவால் புண்ணாகியிருக்கும். குடலில் சாதுவாக இருந்த பாக்டீரியா அந்த வழியாக ரத்தத்துக்குள் நுழையும். வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்த கிருமி என்று நினைத்துக்கொண்டு வீட்டையே கழுவித் துடைப்பவர்கள் உண்டு. பல நேரம் கிருமி வந்தது நோயாளியின் சொந்தக் குடலிலிருந்துதான்.

ஏமாற்றக்கூடிய இன்னொரு விஷயம், மற்ற அறிகுறிகள் எதுவும் இல்லாமல் போவது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். அவை இல்லாதவருக்குப் புண்ணில் சீழ் கட்டாது. நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்-ரே சுத்தமாக வரலாம். சிறுநீர்த் தொற்று இருந்தும் சிறுநீரில் சீழணு தெரியாமல் போகலாம். ஆக மிஞ்சுகிற ஒரே அபாய மணி காய்ச்சல். அதையும் பாராசிட்டமால் கொடுத்து அடக்கிவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை.

வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரே ஒரு முறை 101 டிகிரி (38.3 செல்சியஸ்) வந்தாலும், அல்லது 100.4 டிகிரி (38.0 செல்சியஸ்) ஒரு மணி நேரம் நீடித்தாலும் அவசரம்தான். பல மருத்துவமனைகள் 100.4 வந்த உடனேயே அழைக்கச் சொல்கின்றன. உங்கள் மருத்துவமனை எந்த எண்ணைச் சொல்லியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். எனிமா, ஆசனவாய் வழி மாத்திரை இரண்டுக்கும் அதே தடை.

அவசரப் பிரிவுக்குப் போனதும் வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "கீமோ போட்டு 10 நாள் ஆகிறது, காய்ச்சல் இருக்கிறது." வெறுமனே "காய்ச்சல்" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, எந்த மருந்துக்கு அலர்ஜி ஆகிய மூன்றும் எழுதிய தாள் நோயாளியின் பையிலேயே இருக்கட்டும். வந்து சேர்ந்த 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பு வழியாக ஏறிவிட வேண்டும் என்பது இலக்கு. அதற்கு முன் இரண்டு இடங்களிலிருந்து பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுப்பார்கள். மார்பில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்திய குழாய்) இருந்தால் ஒன்று அதிலிருந்தும் ஒன்று கை நரம்பிலிருந்தும் எடுப்பது வழக்கம், கிருமி குழாயில் குடியிருக்கிறதா என்று தெரிய. கல்ச்சர் முடிவு வர நாளாகும். அதற்காக மருந்தை நிறுத்திவைக்க மாட்டார்கள். பைப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபிபைம், மெரோபினம் போல சூடோமோனாஸ் கிருமியையும் பிடிக்கிற ஒன்றில் தொடங்குவார்கள்.

எல்லாரையும் படுக்கையில் சேர்ப்பதும் இல்லை. ரத்த அழுத்தம், வயது, வேறு நோய்கள் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு, அபாயம் குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அந்த முடிவை அவர்கள் எடுக்க வேண்டும். நாம் வீட்டிலிருந்தபடி எடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: வயதானவர்களுக்கும், கீமோவோடு ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம், திடீர்க் குழப்பம், மூச்சு வாங்குதல், 96.8 டிகிரிக்குக் கீழே போன உடல் சூடு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தெர்மாமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 2,400 என்று வந்தது. "அவ்வளவு மோசமில்லையே" என்று நினைத்தோம். டாக்டர் கீமோவை ஒரு வாரம் தள்ளிவிட்டார். எண்ணிக்கையை ஏற்ற ஊசி இருக்கிறதாமே, அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கே கீமோவும் எடுத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: மொத்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதே அறிக்கையில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2,400-ஐ 18-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 432. இதுதான் ஏஎன்சி எனப்படும் உண்மையான நியூட்ரோஃபில் எண்ணிக்கை. 'பேண்ட்' (முழுதாக முதிராத நியூட்ரோஃபில்) என்று தனியாகப் போட்டிருந்தால் அந்தச் சதவீதத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 1,500-க்கு மேல் இருந்தால் இயல்பு. 500-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. பெரும்பாலான கீமோ முறைகளில் 1,000 அல்லது 1,500 இருந்தால்தான் அடுத்த டோஸ்.

ஊசியை அதே நாளில் போடுவதில் ஒரு சிக்கல். ஜி-சிஎஸ்எஃப் என்ற அந்த மருந்து மஜ்ஜையிலுள்ள முன்னோடிச் செல்களை வேகமாகப் பிரியத் தூண்டுகிறது. வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கீமோ தேடிப் பிடித்துக் கொல்லும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் புதிதாக முளைத்தவையும் அழிந்து, முன்பைவிட மோசமாகும். அதனால்தான் கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே ஊசி. நீண்ட நேரம் வேலை செய்யும் பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மில்லிகிராம் ஒரே ஊசியாகப் போட்டால், அடுத்த கீமோவுக்கு 14 நாள் இடைவெளி வேண்டும். தினமும் போடுகிற ஃபில்கிராஸ்டிமைத் தேவைப்படி நிறுத்தவும் தொடரவும் முடியும்.

நோயை முழுதாகக் குணமாக்கும் நோக்கத்தோடு கொடுக்கிற கீமோவில் அளவும் தேதியும் பிசகாமல் இருப்பது முக்கியம், அங்கே ஊசி போட்டு அட்டவணையைக் காப்பாற்றுவார்கள். நோயைக் கட்டுக்குள் வைக்க மட்டும் கொடுக்கிற கீமோவில் அளவைக் குறைப்பதே பல நேரம் புத்திசாலித்தனம். இடுப்பெலும்பிலும் முதுகிலும் ஊசிக்குப் பிறகு குடைகிற வலி வருவது சகஜம். வலிக்கு மாத்திரை போடுவதற்கு முன் உடல் சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் முதல் பதிலில் இருக்கிறது. ஊசிக்குப் பிறகு எண்ணிக்கை திடீரென்று 30,000 என்று வந்தாலும் பயப்பட வேண்டாம், ஊசியின் வேலை அது.

கேள்வி: ஐசியூவில் செப்சிஸ் என்று சேர்க்கப்பட்ட என் சகோதரருக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துதானே? கிருமி தாக்கியிருக்கும்போது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கலாமா?

பதில்: எதிர்ப்பு சக்தி என்பதை ஒரே ஒரு அளவாக, கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று வைத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் இது. பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு.

2016-இல் திருத்தப்பட்ட வரையறைப்படி, தொற்றுக்கு உடம்பு காட்டுகிற எதிர்வினை கட்டுமீறி, அதனாலேயே உறுப்புகள் செயலிழந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலைதான் செப்சிஸ். இங்கே கிருமி செய்கிற சேதம் பாதி, உடம்பு தனக்குத்தானே செய்துகொள்வது பாதி. டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 போன்ற சைட்டோகைன்கள் (எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் புரதங்கள்) அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. ரத்தக் குழாய்களின் உட்சுவர் கசியத் தொடங்குகிறது. நீர் திசுக்களுக்குள் இறங்குவதால் ரத்த அழுத்தம் சரிகிறது. நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. ஆக்சிஜன் கிடைக்காத திசுக்கள் லாக்டேட்டை வெளிவிடுகின்றன. ஐசியூவில் அடிக்கடி லாக்டேட் பார்ப்பது இதற்காகத்தான்.

முதல் வேலை ஆன்டிபயாடிக். அதோடு, அழுத்தம் விழுந்திருந்தாலோ லாக்டேட் ஏறியிருந்தாலோ முதல் 3 மணி நேரத்துக்குள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 மில்லி வீதம் திரவம். 60 கிலோ உள்ளவருக்கு 1,800 மில்லி. அதற்கும் அழுத்தம் நிற்காவிட்டால் நார்அட்ரினலின் என்ற அழுத்தம் ஏற்றும் மருந்து. அப்படியும் அந்த மருந்து தொடர்ந்து தேவைப்பட்டால்தான் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். இது எதிர்ப்பு சக்தியை ஒழித்துக்கட்டும் அளவல்ல. ரத்தக் குழாய்கள் மருந்துக்கு மீண்டும் இணங்கவும், எரிகிற வேகம் தணியவும் கொடுக்கப்படுவது.

எப்போது கொடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று கோவிட் காட்டியது. 2020-இல் வந்த 'ரெகவரி' ஆய்வில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைத் தினமும் 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் விகிதம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களில் 26.2-இலிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. அவர்களுக்குக் கெடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு என்றுதான் எண்கள் சொல்லின. அதே மருந்து, அதே அளவு. நோயின் கட்டம்தான் வேறு. காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் வைரஸ் பெருகுவதற்கு இடம் கொடுத்தார்கள். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தவர்களில் சிலருக்குக் கறுப்புப் பூஞ்சை வந்தது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 1990-களில் செப்சிஸுக்கு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகளைப் பெரிய அளவில் சோதித்தார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஒரு காரணம், நோயாளிகள் எல்லாரும் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. முதல் சில நாள் கொந்தளிப்பைத் தாண்டியவர்களில் பலருக்கு அடுத்து வருவது நேரெதிர் நிலை. லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாக இறக்கின்றன, மிஞ்சியவை சோர்ந்துவிடுகின்றன. உடம்பில் பல வருடம் உறங்கிய ஹெர்பிஸ் போன்ற வைரஸ்கள் விழிக்கும். பூஞ்சைத் தொற்று வரும். "முதல் வாரம் தேறினார், மூன்றாவது வாரம் புதுத் தொற்று வந்துவிட்டது" என்று குடும்பங்கள் சொல்வது இதைத்தான். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் ஸ்டீராய்டு?" என்பதைவிட, "அழுத்தம் ஏற்றும் மருந்தின் அளவு குறைகிறதா, ஸ்டீராய்டை எப்போது நிறுத்துவீர்கள்?" என்பதுதான்.

கேள்வி: சளிகூடப் பிடிக்காத என் அண்ணனுக்குப் புற்றுநோய் எப்படி வந்தது? எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தவர் அவர்.

பதில்: சளி வைரஸ் அந்நியன். புற்றுச் செல் உங்கள் அண்ணனின் சொந்தச் செல். அதன் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களில் பெரும்பகுதி உடம்புக்குப் பழகியவை. மரபணுப் பிழைகளால் உண்டான சில புது அடையாளங்களை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கண்டுபிடித்து அழிப்பது நம் எல்லாருக்குள்ளும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தப்பிப்பவை, கண்காணிப்பை ஏமாற்றத் தெரிந்தவை. சில புற்றுச் செல்கள் தம் அடையாளத்தைக் காட்டும் மூலக்கூறுகளையே உதறிவிடுகின்றன. சில, டி செல்களைச் செயலற்றுப்போக வைக்கும் புரதங்களை மேலே போர்த்திக்கொள்கின்றன.

2003-இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று இதைத் திகைக்க வைக்கும் வகையில் காட்டியது. இறந்த ஒருவரின் இரு சிறுநீரகங்களும் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தது, ஒருவர் இறந்தார். விசாரித்தபோது, தானம் செய்தவருக்கு 16 வருடங்களுக்கு முன் மெலனோமா அறுவை நடந்திருந்தது. அவர் உடம்பில் அத்தனை காலம் அடங்கிக் கிடந்த செல்கள், உறுப்பு மாற்றத்துக்காக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தவர்களின் உடம்பில் போனதும் வளர்ந்துவிட்டன. கண்காணிப்பு உண்மையிலேயே வேலை செய்கிறது. சளி பிடிக்காததை வைத்து அதை அளக்க முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: எதிர்ப்பு சக்தி கூட்டும் பொடி, காப்ஸ்யூல் என்று உறவினர்கள் வாங்கிக்கொண்டு வந்து குவிக்கிறார்கள். சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குறைந்தபட்சம், ஒவ்வொரு டப்பாவையும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இமாடினிப், இரினோடிகான் போன்ற புற்றுநோய் மருந்துகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். நரம்பு வழியாக ஏற்றும் பெரிய அளவு வைட்டமின் சி, வீட்டுச் சர்க்கரை மீட்டரில் பொய்யாக அதிக எண்ணைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி ஃபின்லாந்தில் நடத்திய ஆய்வு 1994-இல் வெளியானபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கே அது அதிகம் வந்திருந்தது. சில பொடிகளில் அறிவிக்காமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எடுத்ததும் பசி வந்து தெம்பாக இருக்கிறது என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். பச்சைக் காய்கறியையே தொடக் கூடாது என்ற கடும் பத்தியமும் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நன்றாகக் கழுவுவது, வேகாத இறைச்சி, முட்டை, காய்ச்சாத பால் தவிர்ப்பது போதும்.

கேள்வி: நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ வேண்டாம், இம்யூனோதெரபியே போதும் என்று படித்தேன். டாக்டரோ இன்னும் இரண்டு பரிசோதனை வரட்டும் என்று இழுக்கிறார்.

பதில்: இழுக்கவில்லை, சரியாகச் செய்கிறார்.

டி செல்களின் மேல் பிடி-1, சிடிஎல்ஏ-4 என்று இரண்டு பிரேக்குகள் உண்டு. தாக்குதல் அளவுமீறி நம் திசுக்களையே பதம் பார்க்காமல் இருக்க இயற்கை வைத்தவை. புற்றுச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்தப் பிரேக்கை மிதித்துவிடுகிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அந்தக் காலை எடுத்துவிடுகின்றன. இந்தப் பிரேக்குகளைத் தடுத்தால் புற்றுநோயை எதிர்க்கலாம் என்பதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹொஞ்சோவுக்கும் 2018-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் இபிலிமுமாப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பிரேக்கை எடுத்தால் ஓட, வண்டியில் எஞ்சின் இருக்க வேண்டும். கட்டியை ஏற்கெனவே அடையாளம் கண்ட டி செல்கள் இல்லாவிட்டால் மருந்து வீண். அதனால்தான் பரிசோதனைகள். சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில், பயாப்ஸித் திசுவில் பிடி-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இம்யூனோதெரபி மட்டும் கொடுக்க முடியும். குறைந்தால் கீமோவோடு சேர்ப்பது வழக்கம். அதோடு இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. அவை உள்ள கட்டிகள் இம்யூனோதெரபிக்கு அவ்வளவாக மசிவதில்லை; அவற்றுக்கென்று தனி மாத்திரைகள் உண்டு. அவசரப்பட்டு முதலில் இம்யூனோதெரபி போட்டுவிட்டு, பிறகு இஜிஎஃப்ஆர் முடிவு வந்து ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடுகிறது. இரண்டு வாரக் காத்திருப்பு இதைத் தவிர்க்கிறது.

குடல் புற்றுநோயில் வேறு கணக்கு. டிஎன்ஏ பிழைதிருத்தும் அமைப்பு பழுதான கட்டிகளில் மரபணுப் பிழைகள் மலிந்திருப்பதால் டி செல்களுக்கு அடையாளங்கள் ஏராளம். இப்படிப்பட்ட மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்த ஆய்வில், 2022-இல் வெளியான முதல் முடிவுப்படி, சிகிச்சை முடித்த 12 பேருக்கும் கட்டி தெரியாமல் மறைந்தது. செய்தியில் "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று வந்தது இதுதான். ஆனால் மலக்குடல் புற்றுநோயாளிகளில் இந்த வகைக் கட்டி உள்ளவர்கள் சிறு பங்கினரே.

தொடங்குமுன் தைராய்டு, கார்ட்டிசால், சர்க்கரை, கல்லீரல், கிரியாட்டினின், ஹெபடைட்டிஸ் பி, இசிஜி ஆகியவற்றைப் பார்த்துவைப்பது நல்லது. பிறகு ஏதாவது மாறினால் ஒப்பிட ஒரு எண் வேண்டுமே. முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோயோ, மாற்றிப் பொருத்திய உறுப்போ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூன்றாவது இம்யூனோதெரபி ஊசி முடிந்தது. ஐந்து நாளாக வயிற்றுப்போக்கு, தினமும் ஆறேழு முறை. மாத்திரை வாங்கிக் கொடுத்து நிறுத்திவிட்டோம். இது சரியா? ஸ்டீராய்டு கொடுத்தால் சிகிச்சையே வீணாகிவிடும் என்கிறார்களே?

பதில்: நிறுத்தியது சரியில்லை. உடனே அவருடைய புற்றுநோய் டாக்டரைக் கூப்பிடுங்கள், இந்தப் பதிலைப் படித்து முடித்துவிட்டுக்கூட வேண்டாம்.

பிரேக் எடுத்த டி செல்கள் கட்டியோடு நிற்பதில்லை. குடலை, தைராய்டை, நுரையீரலை, தோலை, கல்லீரலைத் தாக்கும். கீமோவின் வயிற்றுப்போக்கும் இதுவும் பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை மலத்தைக் கட்டிவிடும், குடல் சுவரில் அழற்சி தொடர்ந்து ஏறும், சில நேரம் ஓட்டை விழும் வரை போகும்.

எத்தனை முறை என்பதை அவருடைய வழக்கத்தோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். வழக்கத்தைவிடக் கூடுதலாக 4-க்குக் குறைவு என்றால் முதல் படிநிலை. 4 முதல் 6 வரை இரண்டாவது. அங்கே ஊசியை நிறுத்திவைத்து, கிருமித் தொற்று இல்லை என்று மலப் பரிசோதனையில் பார்த்து, கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள். 7-ம் அதற்கு மேலும் மூன்றாவது, மருத்துவமனையில் சேர்ந்து கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். ரத்தம் கலந்திருந்தாலோ வயிறு கடுமையாக வலித்தாலோ எண்ணிக்கை பார்க்கவே தேவையில்லை. மூன்று நாள் வாக்கில் ஸ்டீராய்டுக்குக் கேட்காவிட்டால் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது வெடோலிசுமாப் சேர்ப்பார்கள்.

அதிகம் தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். இரண்டு நாளில் வயிறு சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அழற்சி முன்பைவிட வேகமாகத் திரும்பும். 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தினம் 20 மில்லிகிராமோ அதிகமோ நான்கு வாரத்துக்கு மேல் போகும் என்றால், நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோலும் சேர்த்துத் தருவார்கள். சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை வீணாகுமா என்ற பயம் புரிகிறது. பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களில் கட்டி சுருங்கிய பலன் பொதுவாக நிலைத்தே இருந்திருக்கிறது. மருந்து தொடங்கும்போதே பெரிய அளவு ஸ்டீராய்டில் இருப்பதுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது.

மற்ற உறுப்புகளையும் தெரிந்துவைத்திருங்கள். வறட்டு இருமலும் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதும் புதிதாக வந்தால் நுரையீரல். அளவுமீறிய சோர்வு, தலைவலி, தலைசுற்றல் என்றால் பிட்யூட்டரி சுரப்பி. இங்கே ஒரு நுட்பம்: தைராய்டும் கார்ட்டிசாலும் இரண்டுமே குறைந்திருந்தால் கார்ட்டிசாலைத்தான் முதலில் ஈடுகட்ட வேண்டும். தைராய்டு மாத்திரையை முந்திக் கொடுத்தால் நோயாளி சரிந்து விழலாம். கண் இமை தொங்குவது, தசைவலி, நெஞ்சுவலி மூன்றும் சேர்ந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கக்கூடும். அரிதுதான், ஆனால் உயிரைப் பறிக்கும். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையை அன்றைக்கே பார்க்க வேண்டும். தைராய்டு பாதித்தால் பெரும்பாலும் நிரந்தரம், தினம் ஒரு மாத்திரை. அதற்காக இம்யூனோதெரபியை நிறுத்த வேண்டியதில்லை. இவை எல்லாம் கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் வரக்கூடும். ஆகவே வேறு எந்த டாக்டரிடம் போனாலும், "கீமோ" என்று பொதுவாகச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: இம்யூனோதெரபிக்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருக்கிறது. டி செல்கள் உள்ளே போவதால் வீங்கியது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அப்படி நடப்பது உண்மை, ஆனால் 10 பேரில் ஒருவருக்கும் குறைவு. மீதிப் பேருக்குக் கட்டி நிஜமாகவே வளர்ந்திருக்கிறது. நோயாளி எப்படி இருக்கிறார் என்பதுதான் நல்ல வழிகாட்டி. பசி, எடை, வலி தேறியிருந்தால் 4 முதல் 8 வாரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்யலாம். படுத்த படுக்கையாகிக்கொண்டிருப்பவருக்கு "வீக்கம்தான்" என்று காத்திருப்பது வேறு சிகிச்சைக்கான நேரத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: கார்-டி சிகிச்சையில் என்ன செய்வார்கள்? பேனாவால் எழுதச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன், அது எதற்கு?

பதில்: நோயாளியின் ரத்தத்தை இயந்திரம் வழியாகச் சில மணி நேரம் சுற்றவிட்டு டி செல்களைப் பிரித்தெடுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குள் ஒரு புது மரபணுவை ஏற்றினால், புற்றுச் செல் மேலுள்ள ஒரு குறியை (ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் சிடி19) நேரடியாகப் பிடிக்கும் ஏற்பி அவற்றில் முளைக்கும். பெருக்கித் திருப்பி அனுப்பச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நோய் முந்திக்கொள்வதுதான் பலருக்கு நேரும் சிக்கல், அதனால் இடைக்காலக் கீமோ தேவைப்படும். ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்து ஏற்கெனவே உள்ள லிம்போசைட்டுகளைக் குறைப்பார்கள், புதியவர்களுக்கு இடம் வேண்டும். ஏற்றுவது என்னவோ சில நிமிட வேலைதான்.

முதல் இரண்டு வாரம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள். டி செல்கள் பெருகிச் சைட்டோகைன்களைக் கொட்டும்போது கடும் காய்ச்சல், அழுத்தச் சரிவு, ஆக்சிஜன் குறைவு வரும். 2012-இல் இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தையான எமிலி வைட்ஹெட் இதில் சாவின் விளிம்புக்குப் போனாள். அவள் ரத்தத்தில் ஐஎல்-6 ஏறியிருப்பதைக் கண்டு, மூட்டுவாதத்துக்குப் பயன்பட்ட டோசிலிசுமாப் கொடுத்ததும் மீண்டாள். இன்று அந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கார்-டி-யைத் தொடங்குகிறார்கள்.

எழுதச் சொல்வது மூளைக்கான சோதனை. ஆண்டு, மாதம், ஊர், இடம் சொல்வது, மூன்று பொருள்களின் பெயர், ஒரு கட்டளையைச் செய்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, 100-இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவது என்று 10 மதிப்பெண். கையெழுத்து கோணலாவது மற்ற அறிகுறிகளுக்கு முந்தித் தெரியும். தினமும் அதே வாக்கியத்தை அதே நோட்டில் எழுத வைப்பது ஒப்பிடுவதற்காக. இந்தக் கட்டம் முடிந்தாலும், சிடி19 ஆன்டிபாடிக்குக் காரணமான நல்ல பி செல்களிலும் இருப்பதால் அவையும் அழிந்து, ஆன்டிபாடி மாதக்கணக்கில் குறைந்தே இருக்கும். சிலருக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டியிருக்கும். வண்டி ஓட்டுவதற்கு டாக்டர் குறிப்பிடும் காலம் வரை தடை உண்டு.

கேள்வி: சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காசநோய்த் தடுப்பூசி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். வீட்டில் என்ன முன்னெச்சரிக்கை?

பதில்: பிசிஜி என்ற அந்தத் தடுப்பூசி மருந்தை இப்படிப் பயன்படுத்துவது 1976-இலிருந்து தெரிந்த முறை. தசைக்குள் இறங்காத கட்டியைச் சுரண்டி எடுத்துச் சில வாரம் கழித்து, வாரம் ஒரு முறை வீதம் 6 முறை. மருந்து உள்ளே போனதும் 2 மணி நேரம் அடக்கிவைக்க வேண்டும், அதனால் அதற்கு முன் நீர் குறைவாகக் குடிப்பது நல்லது. பிறகு நிறையக் குடிக்கலாம். அது உயிருள்ள கிருமி என்பதால் அடுத்த 6 மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, கழிப்பறைக் கோப்பையில் ப்ளீச் ஊற்றி 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அன்று குழாய் போடும்போது ரத்தம் வந்தாலோ, சிறுநீர்த் தொற்று இருந்தாலோ அந்த வார டோஸைத் தள்ளிவைக்க வேண்டும். புண் வழியே கிருமி ரத்தத்தில் கலப்பதுதான் பெரிய ஆபத்து. ஒரு நாள் எரிச்சல், லேசான காய்ச்சல் எதிர்பார்த்ததே. 101.3 டிகிரிக்கு மேல் ஏறினாலோ, ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் பிசிஜி-யைக் கொன்று பலனைக் குறைக்கும் என்பதால், வேறு காரணத்துக்கு மருந்து எழுதுபவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கீமோ எடுப்பவரும் வீட்டிலிருப்பவர்களும் தடுப்பூசி போடலாமா?

பதில்: உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசிகளை (ஃப்ளூ ஊசி, நிமோகாக்கஸ், கோவிட்) போடலாம். முடிந்தால் கீமோ தொடங்க 2 வாரம் முன்பே போட்டால் ஆன்டிபாடி நன்றாக உருவாகும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது. கீமோ முடிந்து நோய் அடங்கிய பிறகு குறைந்தது 3 மாதம் கழித்தும், ரிடுக்ஸிமாப் போல பி செல்களை அழிக்கும் மருந்து எடுத்தவர்கள் குறைந்தது 6 மாதம் கழித்தும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடலாம். ரிடுக்ஸிமாப் தொடங்குவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி-க்கான இரண்டு பரிசோதனைகளும் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். எப்போதோ வந்து போன வைரஸ் மீண்டும் விழித்துக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்த சம்பவங்கள் உண்டு. தடுக்கும் மாத்திரையை மருந்து முடிந்த பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் எல்லாத் தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்வது நோயாளிக்குத்தான் பாதுகாப்பு. வாய்வழிப் போலியோ சொட்டுமருந்து மட்டும் விதிவிலக்கு, ஊசி வடிவைக் கேட்டுப் பெறுங்கள். கைக்குழந்தைக்கு ரோட்டா வைரஸ் சொட்டுமருந்து கொடுத்திருந்தால், சில வாரங்களுக்கு நாப்கின் மாற்றும் வேலையை நோயாளியிடம் விடாதீர்கள்.